பேட்டரி வண்டியின் முதல் பூஜை

இருளாயியின் கால்மேல் பேட்டரி வண்டி ஏறிய மறுநாள் காலை, ஆணையர் அதியாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கொத்தக்கோட்டை நகராட்சியில் ஆணையர் அறைக்குள் போவதென்றால் அதியாவுக்கு எப்போதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த அறையில் அவள் பேசியதெல்லாம் 'சரிங்க சார்', 'பார்க்கிறேன் சார்' இரண்டும்தான். அன்றைக்கு அதுவும் வரவில்லை. கதவோரம் நின்றாள்.

"உட்காருங்கம்மா," என்றார் சௌந்தரராஜன். கும்பகோணம் பக்கத்துக்காரர், ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர் என்று அலுவலகத்தில் பேர். "அந்தம்மாவுக்குக் கால் எப்படி இருக்காம்?"

"ரெண்டு எலும்பு உடைஞ்சிருக்கு சார். கட்டுப் போட்டிருக்காங்க."

"உசுருக்கு ஒண்ணுமில்லையே, அதுவரைக்கும் சரி." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளிக்கிழமை மன்றக் கூட்டம். ஆறு வண்டி வாங்கறதா வேண்டாமான்னு அன்னைக்கு முடிவாகணும். உங்க அறிக்கையைத்தான் எல்லாரும் எதிர்பார்க்கறாங்க. மேடு ஏற வண்டிக்கு சக்தி பத்தலைன்னு எழுதிடுங்க. வண்டி அனுப்பின பெங்களூர்க்காரன் அதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவான். யாருக்கும் வலிக்காது."

அதியா மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி மேல தப்பில்லைன்னு எழுதினா, தப்பு ஓட்டினவன் மேல வந்து நிக்கும். கரியப்பன் தினக்கூலி. அவனுக்கு விசாரணைகூடக் கிடையாது. நாளையிலேருந்து வராதேன்னு ஒரு வார்த்தை, முடிஞ்சுது. ரெண்டு பொண்ணு அவனுக்கு. யோசிச்சு எழுதுங்க."

"சரிங்க சார்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எதற்குச் சரி சொன்னோம் என்று வராந்தாவில் நின்று யோசித்தாள்.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர் கொத்தக்கோட்டை. தொழிற்பேட்டை வந்த பிறகு வீங்கிப்போனது. மதுரை, ராமநாதபுரத்துச் சனங்களெல்லாம் ஆலைகளை நம்பி வந்து குடியேறினார்கள். ஊர் பெருத்தால் குப்பையும் பெருக்கும். அந்தக் குப்பை போய்ச் சேரும் இடம் பாறைமேடு. ஒரு காலத்தில் கல் உடைத்த குவாரி. ஊரிலிருந்து அங்கே போகும் தடம் கடைசியில் செங்குத்தாக ஏறும்.

பெரிய தெருக் குப்பைக்கு டிராக்டர் உண்டு. மன்ற உறுப்பினர் கங்கப்பன் வாடகைக்கு விட்ட டிராக்டர். சந்துகளுக்குள் அது நுழையாது. சந்துக் குப்பையை இரும்புத் தள்ளுவண்டிகளில் பெண்கள் பாறைமேடு வரை தள்ளிக்கொண்டு போவார்கள். மேட்டில் ஒரு வண்டிக்கு இருவர்; தலையை இரும்பில் முட்டுக் கொடுத்துத் தள்ளுவார்கள். அப்படித் தள்ளித் தள்ளி அடிவயிறு இறங்கிப் போனவர்கள் அவர்களில் இருந்தார்கள். அதை வெளியில் சொல்ல மாட்டார்கள். அதியா பெண் என்பதால் அவளிடம் சொன்னார்கள்.

பேட்டரி வண்டிகளுக்கு டில்லியிலிருந்து மானியம் வருகிறது என்று தெரிந்ததும் நகராட்சி ஆறு வண்டிகளுக்கு எழுதிப் போட்டது. முதலில் ஒரு வண்டியைச் சோதனைக்கு ஓட்டிப் பார்ப்பது, சரியாக வந்தால் மீதியை வாங்குவது என்று ஏற்பாடு. அந்தச் சோதனையைப் பார்த்துக்கொள்ள இயற்பியல் படித்த ஒருவர் வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரியில் பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் இருந்த அதியா தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தாள். வண்டிகள் வந்தால் வேலையும் நீடிக்கும்.

வண்டி வந்தது. பச்சை வர்ணம். சந்துக்குள் பூனை மாதிரி நுழைந்தது. புகையில்லை, சத்தமில்லை. இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி வைத்தால் மறுநாள் சந்துக் குப்பை முழுவதையும் மேடேற்றிவிட்டு வரும். வந்த புதிதில் கங்கப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "என்னம்மா இது, டார்ச் லைட்டுக்கு அண்ணன் மாதிரி இருக்கு. செல்லு மாத்திப் போட்டா ஓடுமா?" என்றார். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் வண்டி நாள் தவறாமல் மேடேறியது. பின்தட்டின் ஓரத்தில் இருளாயி காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டு போனாள். ஊரே பார்த்தது.

ஆயுத பூஜை அன்று அரசு விடுமுறை. குப்பைக்கு ஏது விடுமுறை. துப்புரவுப் பணியாளர்கள் காலை நடையை முடித்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் கொட்டகையைக் கழுவி விடுவார்கள். துடைப்பம், மண்வெட்டி, கூடை, தள்ளுவண்டி எல்லாம் கழுவப்பட்டு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொள்ளும். மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகிற ஊர், அன்று ஒரு சாயந்திரம் அவர்கள் கொட்டகை வாசலில் பொரி வாங்க நிற்கும். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் விடியலில் மறுபூஜை போட்டு எடுக்கும் வரை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தொழில் கையில் நிற்காது என்பது அவர்கள் நம்பிக்கை.

"வண்டிக்கு முதல் பூஜைங்க மேடம். நீங்க இல்லாம எப்படி," என்று முந்தின நாளே சொல்லியிருந்தான் கரியப்பன். அதியா போனாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு கொட்டகை வாசலிலேயே நின்றாள். நடுவில் பச்சை வண்டி, கழுத்து நிறைய மாலையோடு. அதன் முன்னால் சாமி படம். படத்துக்குப் பக்கத்தில், தகரப் பெட்டி போலிருக்கும் சார்ஜரை இரண்டு பேர் தூக்கி வந்து வைத்திருந்தார்கள். அதன் கைப்பிடியில் கனகாம்பரம். நெற்றி என்று எதை நினைத்தார்களோ, அந்த இடத்தில் திருநீறும் குங்குமமும்.

கற்பூரம் ஏற்றுவதற்கு முன் கரியப்பன் அவளிடம் வந்தான்.

"மேடம், சார்ஜரையும் பூஜையில வெச்சிட்டோம். ராத்திரிக்குச் சொருகணுமா, எப்படிங்க?"

கொட்டகையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அதியாவுக்குப் பதில் தெரியும். டீசல் வண்டியைப் பூஜையில் நிறுத்தினால் டாங்கியில் இருப்பது அப்படியே இருக்கும். மறுநாள் காலை ஊற்றிக்கொண்டும் போகலாம். இதற்கு இரவுதான் சாப்பாட்டு நேரம். வண்டியில் சார்ஜ் காட்டும் முள் பாதியில் நின்றது. ஆனால் கனகாம்பரம் சூடி உட்கார்ந்திருந்த அந்தப் பெட்டியை எடுத்துவந்து சொருகச் சொல்ல அவள் யார்? மற்ற யாராவது சொன்னால் அது வண்டி விஷயம். அதியா சொன்னால் வேறு விஷயமாகிவிடும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் மசூதி இடிக்கப்பட்ட அந்த டிசம்பருக்குப் பிறகு, அத்தா கடையில் வாடிக்கைக்காரர்களிடம் ஒவ்வொரு வார்த்தையையும் தட்டில் போட்டு நிறுத்துத்தான் பேசினார். அதைப் பார்த்துப் பார்த்து அதியாவும் பழகியிருந்தாள். பாதி சார்ஜ் காலை நடைக்குப் போதும், வண்டி திரும்பியதும் சொருகிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கும் போட்டாள்.

"உங்க வழக்கப்படியே செய்யுங்க," என்றாள்.

கரியப்பனின் முகம் மலர்ந்தது. பின்னாலிருந்து இருளாயி, "பாத்தியா, மேடமே சொல்லிட்டாக. ஏத்துடா கற்பூரத்த," என்றாள். பொரியும் கடலையும் வெல்லமும் ஒரு காகிதத்தில் மடித்து அதியாவின் கைக்கு வந்தது. வாங்கிக்கொண்டாள்.

அவள் போட்ட கணக்கில் பூசணிக்காய் இல்லை.

அதியாவின் வீடு இருந்த பள்ளிவாசல் தெருவில் விஜயதசமி மற்றொரு நாள்தான். ஊரின் மற்ற தெருக்களில் அப்படியில்லை. ஒவ்வொரு கடை வாசலிலும், லேத் பட்டறையிலும், லாரி முன்னாலும் வெள்ளைப் பூசணி உடைத்திருப்பார்கள். வாழைக்கன்று, மாவிலை, பூ, தேங்காய் ஓடு என்று வருஷத்திலேயே குப்பை கனக்கும் காலை அது. அதியா பார்க்காததில்லை. அதைக் குப்பையாக, எடையாக நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவே.

கரியப்பன் சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து அவள் அறிந்துகொண்டது இது. ஈரப் பூசணி வழிய வழிய ஏற்றிய வண்டி, மேட்டில் முக்கால்வாசி ஏறியதும் மூச்சுக் காட்டாமல் நின்றது. கரியப்பன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்டக் கல்லு போடுங்க," என்று கத்தினான். சக்கரத்துக்குக் கீழே வைக்கக் கல்லைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடியவள் இருளாயி. வண்டியிலிருந்து ஒழுகிய பூசணிச் சாற்றில் அவள் கால் வழுக்கியது. அதே நேரம் பாரம் தாங்காமல் வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது.

ஆணையர் அறையிலிருந்து அதியா நேராகக் கொட்டகைக்குப் போனாள். கரியப்பன் பச்சை வண்டியின் நிழலில் குந்தியிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"வண்டிய அனுப்பிடுறாங்களாமே மேடம்."

"வண்டி மேல எழுதச் சொல்றார்."

"எழுதிடுங்க. இல்லன்னா, நான் மறந்துட்டேன்னு எழுதுங்க. நானும் அப்படியே சொல்லிக்கிறேன்."

"நீங்க மறக்கலையே. என்கிட்ட கேட்டீங்க."

கரியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "அத மட்டும் சொல்லாதீங்க. பூஜையால வண்டி நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வந்தா, அது எங்க போயி எப்படி நிக்கும்னு உங்களுக்குத் தெரியாதுங்க. கங்கப்பனுக்கு அது போதும். எனக்கு இந்த வேலை இல்லன்னா அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல லோடு இறக்கப் போவேன். முன்ன செஞ்சதுதான். கன்னடம் பேசுவேன், தெலுங்கு பேசுவேன், எங்கயாவது ஒட்டிக்குவேன். உங்களுக்கு ஏன் மேடம் இந்தப் பொல்லாப்பு."

சொல்லிவிட்டுத் துணியை எடுத்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த வண்டிக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

சாயந்திரம் அதியா அரசு மருத்துவமனைக்குப் போனாள். பெண்கள் வார்டின் கடைசிக் கட்டிலில் இருளாயி படுத்திருந்தாள். இடது கால் முழங்கால் வரை மாவுக்கட்டு.

"வா தாயி. அந்த ஓரம் ஈரமாக் கெடக்கு, இங்கிட்டு உக்காரு."

"வலி எப்படிக்கா இருக்கு?"

"வலிக்கென்ன, வாடகை குடுக்காம குடியிருக்கு."

பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்து, "எந்த லாரி அடிச்சுது இவங்கள?" என்று அதியாவிடம் விசாரித்தாள்.

"லாரின்னாத்தான் பெருமையாச் சொல்லிக்கலாமே," என்றாள் இருளாயி. "சத்தமே போடாத வண்டி. வந்ததுந் தெரியல, ஏறுனதுந் தெரியல." பிறகு அதியாவின் பக்கம் திரும்பினாள். "மத்தியானம் கங்கப்பன் ஆளு ஒருத்தன் ஆரஞ்சு வாங்கிட்டு வந்தான். வண்டி சரியில்லன்னு எழுதி வச்சிருக்கோம், கைநாட்டு வையின்னான்."

"வெச்சீங்களா?"

"பழத்த வச்சுட்டுப் போடான்னுட்டேன்."

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். இருளாயி சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"எம் மக வெள்ளையம்மா எனக்குப் பதிலியாப் போகுது. பேட்டரி வண்டி நின்னு போச்சுல்ல, அதனால இன்னைக்குத் தள்ளுவண்டி. சோறு கொண்டாந்தப்ப பாத்தேன், தோள்பட்டைய இப்படிப் பிடிச்சுக்கிட்டே நிக்குது. கேட்டா ஒண்ணுமில்லங்குது. இருவது வயசு. எனக்கும் அந்த வயசுலதான் ஆரம்பிச்சுச்சு. இந்த வண்டி வந்ததுக்கப்புறம் இடுப்பு வலின்னு நான் ஒரு நாளும் படுக்கல தாயி. மேட்டுல உக்காந்து போனேன், கலெக்டரு மாதிரி."

"அக்கா, அன்னைக்கு கரியப்பண்ணன் கேட்டப்ப..."

"கேட்டுச்சு தாயி. நானும் அங்கனதான நின்னேன். வழக்கப்படி செய்யுங்கன்னீக. எங்க சாமிக்கு மதிப்புக் குடுத்தீகன்னு எல்லாருக்கும் சந்தோசம். பொரிய வாங்குவீகளா மாட்டீகளான்னு எங்களுக்குள்ள பேச்சு வேற. வாங்கிக்கிட்டீக."

பிறகு, சந்தையில் காய் விலை சொல்வது போலச் சொன்னாள்:

"நீங்க வேணாம்னு சொல்லியிருந்தா கொஞ்ச நேரம் மொணமொணத்திருப்போம். அம்புட்டுத்தான். காலு நல்லா இருந்திருக்கும்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே அதியாவால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து, தண்ணீர்ச் செம்பை இருளாயியின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது அத்தாவிடம் சொன்னாள். அக்பர் பாஷா கடைத்தெருவில் ஆணி, கம்பி, பூட்டு விற்கிறவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நீ மரியாதைக்காகத்தானே சும்மா இருந்தே. அது குத்தமா?"

"மரியாதை பாதி அத்தா. பயம் பாதி."

"பயம் தப்பில்லை. நம்ம நிலைமை அப்படி." பல்குத்தும் குச்சியை விரல்களுக்கு நடுவே உருட்டினார். "ஆணையர் நல்ல மனுஷன். அவர் சொல்றபடி எழுதினா அந்தப் பையனுக்கும் கஷ்டமில்லை, உனக்கும் இல்லை. வண்டிக்கு என்ன, வாயா இருக்கு அழ?"

"வண்டி போயிடுச்சுன்னா அவங்க தள்ளணும் அத்தா."

அவர் குச்சியை ஒடித்துப் போட்டார். "கூட்டத்துக்கு நான் வரட்டுமா?" என்றார்.

"வேணாம். நீங்க வந்தா எனக்குப் பேச வராது."

வெள்ளிக்கிழமை மன்றக் கூடத்தில் மின்விசிறிகள் ஓடின. ஐப்பசிக் குளிருக்கு யாரோ அவற்றை நிறுத்தச் சொன்னார்கள். தலைவர் நாற்காலியில் சாந்தம்மா. முந்தின வருஷத் தேர்தலில் பெண்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் வந்தவர். அதிகம் பேச மாட்டார். அவருக்காகப் பேச எப்போதும் நாலு பேர் இருந்தார்கள். பேட்டரி வண்டி விஷயம் வந்ததும் ஆணையர், "தொழில்நுட்ப உதவியாளர் அறிக்கையை வாசிப்பாங்க," என்றார். அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். யோசித்து எழுதியிருப்பாய் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. கூடத்தின் வாசலில், உள்ளே வர அனுமதி இல்லாத இடத்தில், கரியப்பன் நின்றான்.

அதியா எழுந்து வாசித்தாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சத்தமாப் படிம்மா," என்றார் ஒருவர்.

மறுபடி தொடங்கினாள். வண்டியில் பழுது இல்லை. ஓட்டுநர் கவனக்குறைவு இல்லை. பூஜைக்கு முதல் நாள் இரவுக்குப் பிறகு வண்டிக்குச் சார்ஜ் ஏற்றப்படவில்லை. ஏற்ற வேண்டுமா என்று ஓட்டுநர் தொழில்நுட்ப உதவியாளரிடம் கேட்டார். உதவியாளர் ஏற்றச் சொல்லவில்லை. அன்றைய பாரத்தையும் அவர் கணக்கில் எடுக்கவில்லை. விபத்துக்குக் காரணம் அது.

உட்கார்ந்தாள். ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார்; ஆனால் துடைக்கவில்லை.

கங்கப்பன் மெதுவாக எழுந்தார். "கொஞ்சம் இருங்க. எனக்குப் புரியல. ஏம்மா, எங்க பூஜையால வண்டி நின்னுபோச்சுங்கறியா?"

யாரோ நாற்காலியை நகர்த்தும் ஓசை மட்டும் கேட்டது. அதியா மறுபடி எழுந்தாள். முன்னாலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"பூஜையால இல்லீங்க. காலை நடை முடிஞ்சதும் மத்தியானமே சொருகியிருந்தா, பூஜைக்கு முன்னாடி முக்கால்வாசி ஏறியிருக்கும். அப்புறம் எடுத்து அலங்காரம் பண்ணி வெச்சிருக்கலாம். யாருக்கும் எதுவும் குறைஞ்சிருக்காது. அதை முன்னாடியே சொல்ல வேண்டியது என் வேலை. நான் சொல்லலை."

"ஏன் சொல்லல? அதான் கேக்கறேன். அவன் வந்து கேட்டானில்ல?"

"நான் சொன்னா நீங்க இப்ப கேட்ட மாதிரி யாராவது கேப்பாங்கன்னுதாங்க."

கங்கப்பன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒருவர் இருமினார். வாசலில் நின்ற கரியப்பன், "மறந்தது நான்தானுங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னான். ஊழியர் ஒருவர் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அதுவரை பேசாமல் இருந்த சாந்தம்மா முதல்முறையாக மேசைமேல் சாய்ந்தார். "எனக்கு ஒண்ணு சொல்லும்மா. வண்டி மேடு ஏறுமா, ஏறாதா?"

"சார்ஜ் இருந்தா ஏறும் மேடம்."

"அன்னைக்கு ஒரு நாள் தவிர?"

"எல்லா நாளும் ஏறியிருக்கு."

"தள்ளுற பொம்பளைங்க என்ன சொல்றாங்க?"

"இன்னைக்குக் காலையில அடிபட்ட அம்மாவோட பொண்ணு தள்ளிட்டுப் போனாங்க. அவங்களையே கேளுங்க மேடம். வெளியிலதான் இருப்பாங்க."

வெள்ளையம்மாவை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. பேச்சு வேறு பக்கம் போய், மானியம் எப்போது வரும், டிராக்டர் வாடகை என்ன ஆகும் என்று வெகுநேரம் ஓடியது. கடைசியில் தீர்மானம் வந்தது. ஆறுக்குப் பதிலாக இப்போதைக்கு மூன்று வண்டிகள். கங்கப்பன் ஒரு திருத்தம் சொன்னார்: ஒரு பெண்மணிக்குக் கால் உடைந்திருக்கிறது, யாராவது பொறுப்பேற்க வேண்டும், ஏற்றவர் எழுந்து நின்று ஏற்றுக்கொண்டிருக்கிறார். தொழில்நுட்ப உதவியாளரின் தற்காலிகப் பணி மாதக் கடைசியோடு முடிகிறது. வண்டிகளின் பராமரிப்பு ஓட்டுநர்கள் பொறுப்பு. யாரும் மறுத்துப் பேசவில்லை. சாந்தம்மா ஒரு கணம் அதியாவைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெளியே கரியப்பன் கோபத்தோடு காத்திருந்தான். "நான்தான் சொன்னேனே மேடம். நானே வேலைய விட்டுப் போயிருப்பேனே."

"மூணு வண்டி வருது. ஓட்ட ஆள் வேணும்ல," என்றாள்.

மறுநாளிலிருந்து கொட்டகையில் காற்று மாறியிருந்தது. மன்றத்தில் நடந்தது இரவோடு இரவாக ஊர் சுற்றி வேறு உருவத்தில் வந்து சேர்ந்திருந்தது. பூஜையைச் சபையில் இழுத்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். அவளைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கிற பெண்களில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துடைப்பத்தைக் கட்டினார்கள். காலையில் வழக்கமாக அவளுக்கும் சேர்த்து வரும் தேநீர் வரவில்லை. அதியா அதைக் கவனித்தாள். வருத்தமாக இருந்தது. ஆனால் அவர்கள் நினைப்பது பிழை என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்ல அவளுக்குத் தெரியாது. வண்டியைக் கற்றுக்கொடுப்பதற்கு மாதத்தில் கொஞ்ச நாளே மீதி இருந்தது.

கரியப்பனிடம் ஹைட்ரோமீட்டரைக் கொடுத்தாள். பேட்டரியின் மூடியைக் கழற்றி அமிலத்தை உறிஞ்சி, மிதவை எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துச் சார்ஜை அளக்கும் கண்ணாடிக் குழாய் அது. கை நடுங்காமல் பிடித்தான். மற்றவர்கள் அவரவர் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வெள்ளையம்மாவும் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

குழாயை மார்புக்கு நேராகப் பிடித்து, மேலிருந்து குனிந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குதுங்க, முழுசா ஏறியிருக்கு," என்றான் கரியப்பன்.

"இல்ல," என்றாள் அதியா. எல்லோருக்கும் கேட்டது. "தப்பாப் பாக்கறீங்க. கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிங்க."

கரியப்பன் குழாயை உயர்த்தினான். மிதவை அமைதியாகும் வரை பொறுத்தான். பிறகு, "பத்தல மேடம்," என்றான்.

"சார்ஜரைச் சொருகுங்க."